வலைப்பின்னல் காட்சிகளுக்குக் கள்ளி மருந்தா?

கேள்வி: கிளாக்கோமாவால் பார்வை மங்கிப்போன என் தாயாருக்கு (வயது 74) சில மாதங்களாகச் சுவரில் வலைப்பின்னல்களும் சுருள்களும் தெரிகின்றன. இதே காட்சிகளைத் தரும் மெஸ்கலின் என்ற கள்ளிப் பொருளைச் சிறிதளவு கொடுத்தால் குணமாகும் என்று இடைத்தரகர் ஒருவர் முன்பணம் கேட்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள், ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். அவர் சொல்வதில் காட்சிகளின் ஒற்றுமை மட்டுமே உண்மை. பெயோட்டி என்ற கள்ளியிலிருந்து 1897-இல் ஜெர்மன் வேதியியலர் ஆர்தர் ஹெஃப்டர் பிரித்தறிந்த மெஸ்கலினை, 1920-களில் தாமே உட்கொண்டு ஆராய்ந்த உளவியலாளர் ஹைன்ரிக் க்ளூவர், அதில் எழும் காட்சிகள் பின்னல், சிலந்திவலை, சுரங்கம், சுருள் என்ற நான்கு வடிவங்களில் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். மூளையின் பார்வைப் பகுதி அமைந்துள்ள விதமே இவ்வடிவங்களுக்குக் காரணம் என்று பின்வந்தோர் விளக்கினர். கண்ணிலிருந்து வரும் செய்தி குறையும்போது அப்பகுதி தானாகவே இயங்கத் தொடங்கும். உங்கள் தாயாருக்கும் பெரும்பாலும் அதுதான் நிகழ்கிறது. சார்ல் போனே நோய்க்குறி எனப்படும் இது மனநோய் அன்று. தானே கிளர்ந்திருக்கும் பகுதியை மெஸ்கலின் மேலும் கிளறிவிடுமே தவிர அடக்காது.

அதோடு இரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் அது உயர்த்தும், வாந்தி வரும், போதைமயக்கம் பத்து மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கலாம். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அதைத் தடைசெய்திருக்கிறது. "அமெரிக்காவில் அனுமதி உண்டே" என்று இடைத்தரகர் வாதிடுவார். அங்கே 1994-ஆம் ஆண்டுச் சட்டம் பெயோட்டிக்கு விலக்கு அளித்தது உண்மை. ஆனால் அது பழங்குடியினருக்கு மட்டும், அதுவும் அவர்களது மரபுவழிச் சமயச் சடங்குக்கு மட்டும் உரியது. மருத்துவத்துக்கோ விற்பனைக்கோ அது உரிமம் ஆகாது. வெளிநாட்டுக்கு மாத்திரையாக அனுப்புவதற்கு நிச்சயமாக ஆகாது. இந்த விலக்கைக் காட்டித்தான் பலரை ஏமாற்றுகிறார்கள்.

இத்தகைய காட்சிகளைச் சொன்னால் கண் மருத்துவர் "மனதில் இருக்கிறது" என்கிறார், மனநல மருத்துவர் "கண்ணில் இருக்கிறது" என்கிறார். இருவருக்கும் நடுவில் ஐந்து நிமிட நேரமே கிடைக்கும் நோயாளி தரகரிடம் போய்ச் சேருகிறார். இல்லாதது தெரிகிறதா என்று பார்வை குறைந்த முதியவர்களிடம் கேட்பது ஒவ்வொரு கண் மருத்துவமனையிலும் கட்டாயமாக வேண்டும்.

இப்போதைக்கு, காட்சி தோன்றும்போது விளக்கைப் போடுங்கள். தலையை அசைக்காமல் விழிகளை இடமும் வலமுமாகச் சில முறை நகர்த்தச் சொல்லுங்கள். திடீரென மின்னல் வெட்டுவதுபோல் ஒளியோ, திரை இறங்குவதுபோல் நிழலோ தெரிந்தால் அது வேறு நோய். விழித்திரை பிரிந்திருக்கலாம், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.