மகனீசியம் அசையவே மாட்டேன் என்கிறதா?

வெள்ளவத்தையிலிருந்து ஓர் ஆய்வு மாணவி கேட்கிறார்: "1.57 கிராம் புரோமோபென்சீனை எடுத்து ஈதரில் கிரிக்னாட் தாக்கத்தை மூன்று தடவை செய்து பார்த்தேன். மகனீசியம் அப்படியே கிடக்கிறது. ஐப்பசி மழைதான் காரணம் என்கிறார்கள். தை வரை பொறுக்கவா?"

பொறுக்க வேண்டாம். கிரிக்னாட் தாக்கம் என்பது புரோமோபென்சீன் போன்றதை மகனீசியத்தோடு சேர்த்து கிரிக்னாட் சேர்வையை ஆக்குவது; அந்தச் சேர்வையை ஈரம் கெடுத்துவிடும். தையிலும் கொழும்புக் காற்றில் ஈரம் இருக்கத்தான் செய்யும். ஒரு கணக்கு பாருங்கள்: நீங்கள் எடுத்தது 10 மில்லிமோல். அதில் உண்டாகும் சேர்வையை முழுதாகக் கெடுக்க 180 மில்லிகிராம் தண்ணீர் போதும், ஏறக்குறைய நாலு சொட்டு. தாக்கம் தொடங்காமல் மறிப்பதற்கோ அவ்வளவுகூடத் தேவையில்லை.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? ஈதரைத் திறந்து ஊற்றும்போது போத்தல் வாயைக் கவனியுங்கள். ஈதர் ஆவியாகிக் கண்ணாடியைக் குளிரவைக்க, அதில் பனி படியும். அதில் கொஞ்சம் உள்ளேயும் போகும். அடுத்தது, ஆவியைக் குளிர்வித்துத் திரும்பத் திரவமாக்கும் ஒடுக்கி. ஈதர் 34.6 பாகையில் கொதிக்கும். நம் பைப் தண்ணீரோ வெதுவெதுப்பாகத்தான் வரும். சரி என்று மீன்தொட்டி மோட்டர் வைத்து ஐஸ் தண்ணீர் ஓட்டினால், ஒடுக்கியின் வெளிப்புறம் வியர்த்து, நீர் வழிந்து, குடுவையோடு சேரும் மூட்டில் இறங்கும். மூட்டுக்கு மேலே ஒரு துணியைச் சுற்றிக் கட்டுங்கள். அற்ப வேலைதான், ஆனால் என் பல தாக்கங்களைக் காப்பாற்றியிருக்கிறது.

என்னைக் கேட்டால் இந்த ஊருக்கு ஈதரை விட 66 பாகையில் கொதிக்கும் டிஎச்எஃப் (டெட்ராஹைட்ரோஃபியூரான் என்ற கரைப்பான்) நல்லது. தண்ணீரை உறிஞ்சும் நுண்துளை மணிகளான 3 ஆங்ஸ்ட்ரோம் மூலக்கூற்றுச் சல்லடையை 300 பாகையில் சூடாக்கி, ஆறவிட்டு, டிஎச்எஃப்பை அதன்மேல் மூன்று நாள் வைத்தால் போதும். சாதாரண ஓவன் அந்தச் சூட்டுக்கு வராது; உலை வேண்டும். கண்ணாடிப் பாத்திரங்களை இரவு முழுதும் 120 பாகையில் வைத்து, சூட்டோடு பூட்டி, நைதரசன் ஓட்டத்தில் ஆறவிடுங்கள்.

மகனீசியச் சுருளைச் சிறு உரலில் நசுக்கினால் ஒக்சைட்டுத் தோல் உடையும். ஒரு துணுக்கு அயடீன், அப்புறம் புரோமோபென்சீனில் பத்தில் ஒரு பங்கு மட்டும். கபில நிறம் மறைந்து, கரைசல் கலங்கி, உலோகத்தில் குமிழி கிளம்பும்வரை மிச்சத்தைத் தொடாதீர்கள். ஒருமுறை பொறுமையிழந்து நான் முழுவதையும் ஊற்றினேன். பத்து நிமிடம் சும்மா இருந்தது, பிறகு ஒரேயடியாகப் பொங்கி ஒடுக்கி வழியே மேலே பாய்ந்தது. ஐஸ் தொட்டியைப் பக்கத்திலேயே வையுங்கள். தொடங்கிய பிறகு மிச்சத்தைக் கொதி சீராக இருக்கும் வேகத்தில் சொட்டுச் சொட்டாக விடலாம்.