ஐந்தாவது அடியில் பொரியும் சுவர்

அன்புள்ள ஐயாவுக்கு,

சென்ற மாதம் குடும்பத்தோடு கொச்சிக் கோட்டைக்குப் போயிருந்தோம். டேவிட் ஹால் பார்த்தோம். பழைய டச்சு வீட்டைச் சீர்செய்து ஓவியக்கூடமாக வைத்திருக்கிறார்கள். வேறு இரண்டு பழைய வீடுகளுக்கும் போனோம். ஒன்றில் மாலை நிகழ்ச்சிக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓவியத்தைப் பார்ப்பதா வீட்டைப் பார்ப்பதா என்றே புரியவில்லை. ஒரு குடும்பம் வாழ்ந்த இடத்தை இப்படி வாடகைக் கூடமாக்குவது சரியா? இன்னொரு வீட்டில் சுவரின் அடியில் பூச்சு பொரிந்து உதிர்ந்து கிடந்தது. இவ்வளவு செலவு செய்கிறவர்கள் நல்ல சிமெண்ட் பூசி எமல்ஷன் அடிக்கக் கூடாதா? தேவகோட்டையில் எங்கள் அப்பத்தா வீட்டில் நான்கு வருடம் முன்பு அப்படித்தான் செய்தோம். மூன்றடி உயரத்துக்குச் சிமெண்ட். அது அப்படியே நிற்கிறது. இப்போது ஐந்தாவது அடியில் பொரிகிறது, அது வேறு விஷயம். பங்காளிகள் கூடி அந்த வீட்டையும் ஓவியக்கூடம், விழாக்கூடம் என்று மாற்றலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். உங்கள் கருத்து என்ன?

மெ., தேவகோட்டை

*

அன்புள்ள மெ.,

‘அது வேறு விஷயம்’ என்று ஒரே தாண்டலில் தாண்டிப் போய்விட்டீர்கள். இந்தப் பதிலை எழுத வைத்ததே அந்த வரிதான். பழைய சுவர்களுக்கு நாம் செய்யும் கொடுமை பற்றி எழுதவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் கேட்டதற்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் சுற்றில் வீட்டைப் பாருங்கள், இரண்டாம் சுற்றில் ஓவியம். வாடகைக் கூடமாக்கலாமா என்ற கலக்கம் வேண்டாம். நீங்கள் கொச்சியில் பார்த்த கட்டடங்கள் வேலை மாறி மாறித்தான் பிழைத்திருக்கின்றன. டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தது 1663இல். டேவிட் ஹால் 1695 வாக்கில் அவர்களுடைய கம்பெனி கட்டியது. பின்னாளில் அங்கே இருந்த யூத வணிகர் டேவிட் கோடரின் பெயர் அதற்கு நிலைத்தது. மலபார்த் தாவரங்களைப் பற்றிய ‘ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்’ நூலைத் தொகுத்த டச்சு ஆளுநர் வான் ரீட் அங்கே வசித்தார் என்று சுற்றுலாக் குறிப்புகள் சொல்லும். அவர் 1691லேயே இறந்துவிட்டார். இரண்டு வருடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை போல. ஆஸ்பின்வால் ஹவுஸ் 1867இல் தொடங்கிய வணிகக் கம்பெனியின் வளாகம். மிளகு, இஞ்சி, தேங்காய் எண்ணெய் கையாண்ட இடம், 2012இல் தொடங்கிய கொச்சி பினாலே என்ற ஈராண்டுக் கலைவிழாவுக்கு முக்கியக் கூடமாக இருந்தது. பூட்டிக் கிடந்திருந்தால் கூரையில் ஒரு ஓடு நகர்ந்து, அந்த வழியே மழை இறங்கி, பத்துப் பருவத்தில் எல்லாம் மண்ணாகியிருக்கும். ஆள் நடமாட்டம் நல்லது. அவ்வளவுதான்.

இனி சுவர்.

கொச்சியில் செம்பாறாங்கல், உங்கள் ஊரில் செங்கல். இரண்டும் நிலத்து ஈரத்தை நுண்துளை வழியே உறிஞ்சி மேலே ஏற்றும். பழைய வீடுகளில் இந்த ஓதம் பெரும்பாலும் மூன்றடி வரை ஏறி நின்றுவிடும். அந்த உயரத்துக்குள் சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது ஆவியாகிப் போய்விடுவதால், ஏறுவதும் உலர்வதும் அங்கே சமமாகிறது. நீர் போய்விடும், அது கொண்டுவந்த உப்பு போகாது. பூச்சுக்குள்ளேயே படிகமாகும். படிகம் வளர வளரப் பூச்சைப் பொரியவைத்துத் தள்ளும். நீங்கள் முகம் சுளித்த அந்த உதிர்ந்த பூச்சு, கல்லுக்குப் பதிலாகத் தன்னைக் கொடுத்திருக்கிறது. அடிச்சுவரில் சுண்ணாம்பு பூசுவதே அதற்காகத்தான். உதிர்ந்தால் சுரண்டிவிட்டு மறுபடி பூசவேண்டும். அதைப் பராமரிப்பில் குறை என்று எண்ணாதீர்கள். உதிரவே உதிராத பளபள அடிச்சுவரைப் பழைய வீட்டில் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

இப்போது உங்கள் அப்பத்தா வீட்டுக்கு வருகிறேன். மூன்றடிக்குச் சிமெண்ட் பூசி, நீர் வெளியேறும் வழியை அடைத்தீர்கள். அதன்மேல் எமல்ஷன் என்ற பிளாஸ்டிக் தோலையும் போர்த்தினீர்கள். ஓதம் என்ன செய்யும்? சிமெண்டுக்குப் பின்னாலேயே ஏறி, அது முடிந்து சுண்ணாம்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வெளியே வரும். அதுதான் உங்கள் ஐந்தாவது அடி. இன்னும் இரண்டடி பூசிவிடலாம் என்று யாராவது இந்நேரம் சொல்லியிருப்பார்கள். பூசினால் ஏழாவது அடியில் பொரியும். அப்படியே போனால் ஒருநாள் உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தை எட்டும். பர்மாத் தேக்கானாலும் ஈரச் சுவருக்குள் அடைபட்ட நுனி மக்கும். கரையானுக்குச் சொல்லியனுப்ப வேண்டியதில்லை.

‘அப்படியே நிற்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள். பானையைத் தட்டினாற்போல் ஓசை வந்தால், சிமெண்ட் பலகை தனியாக நிற்கிறது, பின்னால் காரை மாவாகிவிட்டது என்று பொருள். நான்கு வருடம் நின்றதை வைத்து நூறு வருடச் சுவருக்குத் தீர்ப்பு எழுதுகிறீர்கள். படித்தவர்கள் நீங்கள், இது அடுக்குமா?

கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்த மாதிரி வீட்டை இடித்து நிலைகளையும் தூண்களையும் எடைக்குப் போட்டவர்கள் உங்கள் ஊர்ப்பக்கம் எத்தனையோ பேர். நீங்கள் போடவில்லை. பங்காளிகளை ஒரே இடத்தில் உட்காரவைத்துப் பேசியிருக்கிறீர்கள், அது சிமெண்டை உடைப்பதைவிடக் கடினமான வேலை. அந்த அக்கறையைச் சரியான இடத்தில் செலவழிக்கத்தான் இத்தனையும் சொல்கிறேன்.

செய்யவேண்டியது வெளியிலிருந்து தொடங்குகிறது. தெருவில் மேலே மேலே சாலை போட்டு உயர்த்தியதில் மழைநீர் உங்கள் சுவரை நோக்கி ஓடுகிறதா என்று பாருங்கள். முற்றத்து நீர் வெளியேறும் சாக்கடை அடைத்திருக்கிறதா, கழிவறைக் குழாய் பழைய சுவரை ஒட்டிக் கசிகிறதா என்று பாருங்கள். வீட்டைச் சுற்றிச் சிமெண்ட் தளம் போட்டிருந்தால், சுவரோரம் இரண்டடி அகலத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு ஜல்லி நிரப்புங்கள். மண்ணின் ஈரம் சுவரில் ஏறாமல் அங்கேயே உலர வழி கிடைக்கும். இதைச் செய்யாமல் உள்ளே எது பூசினாலும் காசுக்குக் கேடு.

பிறகு உள்ளே சிமெண்டை அகற்றவேண்டும். ஈரக்கோட்டுக்கு மேல் ஒன்றரை அடி வரை, கெட்டுப்போன பழைய பூச்சையும் சேர்த்து எடுங்கள். செங்கல் இடுக்குகளில் உளுத்த காரையை அரை அங்குல ஆழம் சுரண்டுங்கள். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தள்ளி, கூட்டி, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டவேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பிவிடும். காகிதக் கூழை நல்ல தண்ணீரில் குழைத்து அப்பி, காய்ந்ததும் உரித்தெடுத்தால் உப்பின் ஒரு பகுதி அதோடு வந்துவிடும். இரண்டு மூன்று முறை அப்பலாம்.

அதன்பின் சும்மா இருக்கவேண்டும். இதைத்தான் யாரும் செய்வதில்லை. ஈரச் சுவர் மாதத்துக்கு ஓர் அங்குலம் உலரும் என்பது ஒரு தோராயக் கணக்கு. பதினெட்டு அங்குலச் சுவர் இருபுறமும் திறந்திருந்தால் ஒன்பது மாதம் ஆகும். திறப்பு விழாத் தேதியை முதலில் குறித்துவிட்டு வேலையைத் தொடங்குகிறவர்கள் சறுக்குவது இந்த ஒன்பது மாதத்தில்தான்.

பூச்சுக்கு நீற்றிய சுண்ணாம்பு வேண்டும். தண்ணீருக்குள் சில மாதம் கிடந்து வெண்ணெய் பதத்துக்கு வந்ததாக இருந்தால் நல்லது. சுண்ணாம்பு ஒரு பங்கு, கழுவிய ஆற்று மணல் மூன்று பங்கு. சுவரை நனைத்துவிட்டு ஒரு பூச்சுக்கு அரை அங்குலத்துக்கு மிகாமல் பூசவேண்டும். முதல் பூச்சு இறுகியபின் அடுத்தது. வெயில் படாமல் ஈரச்சாக்கு தொங்கவிட்டுக் குறைந்தது ஒரு வாரம் காக்கவேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் மறுபடி கல்லாகிறது. அதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும், மாதக் கணக்கில் பொறுமையும் வேண்டும். அவசரமாகக் காய்ந்தால் தொட்டதும் மாவாக உதிரும். கடுக்காய் நீர் சேர்க்கலாம். ஓதமுள்ள அடிச்சுவரில் வெல்லம் வேண்டாம், பூஞ்சைக்குத் தீனி. முட்டை வெள்ளைக்கரு மேலே கண்ணாடிபோல் மெருகேற்றும் வேலைக்கு. அடிச்சுவரில் அதற்கு வேலையில்லை. ‘கெட்டியாக நிற்கட்டும்’ என்று கலவையில் ஒரு சட்டி சிமெண்ட் போட எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். வெள்ளையடிக்கும்போது ஃபெவிகால் ஊற்றவும் துறுதுறுக்கும். இரண்டுக்கும் காவல் இருங்கள். வெள்ளையைத் துணியில் வடிகட்டி, பால்போல நீர்க்கக் கரைத்து, நாளுக்கு ஒரு கை என்று நான்கைந்து கை அடிக்கவேண்டும்.

ஓவியக்கூடம் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதையும் சொல்கிறேன். ஏசி போட்டு 22 டிகிரிக்குக் குளிர்வித்த அறையின் கதவை நிகழ்ச்சிக்காகத் திறக்கிறீர்கள். வெளியே 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் அந்தக் காற்று 27 டிகிரிக்குக் குளிர்ந்ததுமே வியர்க்கும். சுவர் நனையும், படத்தின் முதுகில் பூஞ்சை பிடிக்கும். உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 50 கிராம் நீராவி விடுகிறார். நூறு பேர் இரண்டு மணி நேரம் இருந்தால் பத்து லிட்டர். உங்கள் ஊருக்கு மின்விசிறியும் திறந்த சன்னலும் போதும். சுவரில் ஆணி அடிக்காதீர்கள். மேலே மரச்சட்டம் ஓட்டி அதிலிருந்து கம்பியில் தொங்கவிடுங்கள். சட்டகத்துக்குப் பின்னால் தக்கை வைத்து ஓர் அங்குலம் காற்றுக்கு இடம் விடுங்கள். காகிதத்தில் தீட்டிய படத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் வேண்டாம், எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை போகலாம்.

விழா என்றால் தரைத்தளத்திலும் முற்றத்திலும் மட்டும். குடியிருப்பு அறைக்கு இந்தியத் தரவிதி சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமை கணக்கிடுகிறது. ஆட்கள் நின்று நெருக்கும் கூடத்துக்கு 500. மாடியில் இருநூறு பேரை ஏற்றி ஆடவைக்க உங்கள் பாட்டனார் உத்தரம் போடவில்லை. சமையல், வீட்டுக்குப் பின்னால் தனிக் கொட்டகையில் இருக்கட்டும். கழிவறைகளைப் பழைய சுவர் எதையும் தொடாமல் புதிதாகக் கட்டுங்கள்.

இதெல்லாம் அடுத்த வருடத்துப் பேச்சு. இந்த மாதம் பின்கட்டில் ஒரே ஒரு சுவரில், நாலடி அகலத்துக்கு மட்டும் சிமெண்டை எடுத்துப் பாருங்கள். மின் பிரேக்கர் வைத்து உடைக்க விடாதீர்கள், அதிர்வில் பழைய செங்கல் பிளக்கும். சிறு உளியும் சுத்தியலும் போதும், ஓசை வெறுமையாகக் கேட்கும் இடத்தில் தொடங்கச் சொல்லுங்கள். கொத்தனாரிடம் சதுர அடிக் கணக்கு பேசவேண்டாம். நாள் கூலிக்குப் பேசுங்கள்.

அன்புடன்.