பதினான்கு அடி அகலத்தில் ஒரு வீடு

அன்புள்ள ஐயா,

வணக்கம். மண்ணடிப் பக்கத்துப் பழைய வீடுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். மாமனார் காலத்து வீடு. 14 அடி அகலம், 27 அடி நீளம். இரண்டு பக்கமும் பொதுச் சுவர். மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது தேக்குக் கட்டை மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் போட்ட பழைய கூரை. மொட்டை மாடியில் பின்பக்கமாக ஷீட் போட்ட ஒரு அறை. கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் இருக்கிற அறையில் பகலிலும் லைட் போட வேண்டும்.

நேரம் கிடைக்கும்போது அட்டையிலும் ஐஸ் குச்சியிலும் குட்டி வீடுகள் செய்கிறேன். படங்களைப் பார்த்துச் செய்வதால் எல்லாமே புகைபோக்கி வைத்த வெளிநாட்டு வீடுகள்தான். பார்க்கிறவர்கள் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். என் மகள் மட்டும், "நம்ம வீட்டை ஏம்மா செய்யல?" என்று கேட்டாள்.

இந்த வருடம் வீட்டைக் கொஞ்சம் சரிசெய்யலாம் என்று இருக்கிறோம். வந்து பார்த்த இன்டீரியர்காரர் ஃபால்ஸ் சீலிங், சுவர் முழுக்க டிவி யூனிட் என்று சொல்லிவிட்டுப் போனார். போனில் படங்களாகச் சேர்த்து வைத்திருக்கிறேன், ஒன்றுகூட எங்கள் வீட்டுக்கு ஒத்துவரவில்லை. எங்களைப் போன்றவர்கள் எதைப் பார்த்து வீட்டை அமைப்பது? இன்னொன்று, எங்கள் வீட்டையே செய்தால் தெருவில் இருக்கும் அடிபம்பு, வாசலில் இருக்கும் நீல டிரம், ஈபி பெட்டி இதையெல்லாம் வைப்பதா, விட்டுவிடுவதா? பார்க்க நன்றாக இருக்காது என்கிறார் என் கணவர்.

— தண்டையார்பேட்டை வாசகி (பெயர் போட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

மகள் சொன்னதைச் செய்யுங்கள். உங்கள் வீட்டையே செய்யுங்கள். அதைச் செய்து முடிக்கும்வரை இன்டீரியர்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லக் காரணம் இருக்கிறது.

நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் படங்களை மறுபடி ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் அறைக்கு இரண்டு பக்கமாவது ஜன்னல் இருக்கும். வெளிச்சம் பக்கவாட்டில் வரும். தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, மண்ணடி, சவுக்கார்பேட்டை வரிசை வீடுகளுக்கு அந்த வசதி கிடையாது. பக்கச் சுவர் நமக்கும் அடுத்த வீட்டுக்கும் பொது. வெளிச்சம் வர மூன்றே வழி: முன்னால், பின்னால், மேலே. நம் பகுதியில் அந்தக் காலத்தில் கட்டியவர்கள் இதைத் தெரிந்துதான் நடுவில் ஒரு முற்றம் விட்டார்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகி, குடும்பம் பெருகி, இடம் போதாமல் போனபோது பல வீடுகளில் அந்த முற்றத்தைத்தான் முதலில் மூடினார்கள். உங்கள் நடு அறைகூட அப்படி வந்ததாக இருக்கலாம். அண்ணாந்து பாருங்கள். தேக்குக் கட்டைகள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓர் இடத்தில் நின்று, அங்கே மட்டும் கான்கிரீட்டோ ஷீட்டோ இருந்தால், அதுதான் பழைய முற்றம்.

ஆகவே எந்தப் படத்தையும் தேடுவதற்கு முன்னால் டேப்பை எடுங்கள். சுவர்க் கனம், கதவு அகலம், ஜன்னல் அடிக்கட்டை தரையிலிருந்து எவ்வளவு உயரம், கட்டைக்கும் கட்டைக்கும் இடைவெளி எவ்வளவு, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். குட்டி வீடு செய்கிறவர்கள் உலகம் முழுக்க அதிகம் பிடிக்கும் அளவு பன்னிரண்டில் ஒன்று, அதாவது ஓர் அடிக்கு ஓர் அங்குலம். அந்தக் கணக்கில் உங்கள் வீடு 14 அங்குலத்துக்கு 27 அங்குலம் வரும். உங்கள் வீட்டில் அதை எங்கே வைப்பீர்கள்? இருபத்து நாலில் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்கு அரை அங்குலம். 7 அங்குலத்துக்கு பதிமூன்றரை அங்குலம். பீரோ மேல் அடங்கிவிடும்.

பீரோ என்றதும் நினைவுக்கு வருகிறது. முதலில் செய்ய வேண்டிய சாமானே அதுதான். நம் வீடுகளில் இருக்கும் ஸ்டீல் பீரோ வழக்கமாக 78 அங்குல உயரம், 36 அகலம், 19 ஆழம். உங்கள் கணக்கில் மூன்றேகால் அங்குல உயரம், ஒன்றரை அங்குல அகலம், முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆழம். கதவு திறக்கிற மாதிரி செய்யுங்கள், அது முக்கியம். ஒவ்வொரு கதவும் திறக்க ஒன்றரை அடி இடம் கேட்கும். கட்டிலையும் அதே அளவில் செய்து, இரண்டையும் அறைக்குள் நகர்த்தி நகர்த்தி வையுங்கள். எந்த மூலையில் வைத்தால் பீரோ கதவு கட்டிலில் இடிக்காது, அப்புறம் ஆள் நடக்க வழி இருக்கும் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். டிவி யூனிட் வேண்டுமா என்பதற்கும் அங்கேயே பதில் கிடைக்கும். 14 அடி அகலத்தில் இரண்டு சுவர்க் கனமும் போனால் உள்ளே இருப்பது பன்னிரண்டரை அடி சொச்சம்தான். அதில் ஒன்றரை அடியை ஒரு பலகைப் பெட்டிக்குக் கொடுத்துவிட்டு ராத்திரி எங்கே பாய் விரிப்பீர்கள்?

ஃபால்ஸ் சீலிங் கண்டிப்பாக வேண்டாம். உங்கள் தலைக்கு மேல் இருக்கும் மெட்ராஸ் டெரஸை இன்று செய்து தருகிற கொத்தனார் கிடைப்பது கஷ்டம். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதற்கு மேல் சன்னமான செங்கல்லை நிறுத்து வாட்டத்தில், மூலைக்கு மூலையாக, சுண்ணாம்புச் சாந்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் பலகை முட்டுக்கூடக் கொடுப்பதில்லை. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடைசியில் மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள். சாதாரண கான்கிரீட் தளத்தைவிடக் கனமான கூரை, வெயில் உள்ளே இறங்க நேரம் பிடிக்கும். இதைப் பிளாஸ்டர் பலகையால் மறைத்தால் அழகு போவதோடு நிற்காது. ஒழுகினாலும் தெரியாது, கரையான் ஏறினாலும் தெரியாது. அந்தக் காசில் ஒரு வேலை செய்யுங்கள். கட்டை சுவருக்குள் நுழையும் முனையில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மரம் சேதமாவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான், ஈரம் சுவர் வழியாக வருவதால். குத்தியது பொதபொதவென்று உள்ளே போனால், அலங்காரமெல்லாம் அப்புறம், முதலில் அந்தக் கட்டையைக் கவனியுங்கள். சுண்ணாம்புச் சுவர் மேல் சிமெண்ட் பூச விடாதீர்கள். ஈரம் வெளியே போக முடியாமல் உள்ளேயே நின்று பொருக்குப் பொருக்காக உதிரும்.

நடு அறை இருட்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான்.

வெளிச்சம் சின்ன வீட்டிலும் பெரிய வீட்டிலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். அதனால்தான் கட்டடக் கலைஞர்கள் வெளிச்சத்தைச் சோதிக்க இன்றும் அட்டை மாதிரி செய்கிறார்கள். உங்கள் வீட்டு மாதிரியின் கூரையைக் கழற்றி மாட்டுகிற மூடியாகச் செய்யுங்கள். ஒன்று போதாது, மூன்று நான்கு மூடி வேண்டும். ஒன்று இப்போது இருக்கிறபடி. இன்னொன்றில் நடு அறைக்கு மேல், இரண்டு கட்டைகளுக்கு நடுவில் ஒன்றரை அடிக்கு மூன்றடி அளவில் ஒரு திறப்பு. அட்டையில் அது முக்கால் அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம். மற்றொன்றில் பழைய முற்றம் இருந்த இடம் முழுதும் திறப்பு. உள்சுவருக்கு உங்கள் சுவரில் என்ன நிறமோ அதையே பூசுங்கள். பக்கத்து வீட்டு மாடிச் சுவர்களையும் அட்டையில் வெட்டி அதே உயரத்தில் நிறுத்துங்கள். இதை மறந்தால் சோதனை வீண். பிறகு மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், உங்கள் வாசல் பார்க்கும் திசையையே அதன் வாசலும் பார்க்கும்படி வையுங்கள். காலை எட்டு மணிக்கும் உச்சி வேளையிலும் நாலு மணிக்கும் எந்த மூலையில் வெயில் விழுகிறதோ, அங்கேதான் உங்கள் வீட்டிலும் விழும். சுவரில் தரையிலிருந்து இரண்டரை அங்குலத்தில் ஒரு ஓட்டை போட்டு, போன் கேமராவை அதில் வைத்து உள்ளே படம் எடுங்கள். அந்த உயரம் நிஜத்தில் ஐந்தடி, நிற்கிற ஆளின் கண் மட்டம் ஏறக்குறைய அதுதான். உங்கள் வீட்டுக்கு ஒத்துவரும் இன்டீரியர் படம் உங்கள் கைக்கு அப்போதுதான் வரும்.

சென்னையில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மே, ஜூன், ஜூலையில் உச்சி வெயில் நம் தலைக்குக் கொஞ்சம் வடக்கே சாய்ந்திருக்கும். டிசம்பரில் நன்றாகத் தெற்கே இறங்கிவிடும். ஒரே நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யாமல், வெயில் காலத்தில் ஒரு தடவை, மழை ஓய்ந்த மார்கழியில் ஒரு தடவை பாருங்கள். கூரையில் திறப்பு விடுவதென்று முடிவானால், பழைய கட்டடம் தெரிந்த இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டாமல் ஒரு செங்கல்லைக்கூட அசைக்க வேண்டாம். காற்றைச் சோதிக்க இந்த அட்டை வீடு உதவாது, வீடு சின்னதானால் காற்று வேறு விதமாகப் போகும். அதற்கு மத்தியானம் கடல் காற்று ஏறுகிற நேரத்தில் நிஜ வீட்டில் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்தி, கதவு ஜன்னல்களைத் திறந்து மூடிப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

வெளிநாட்டு வீடுகளைச் செய்ததில் தவறே இல்லை, கை பழகியிருக்கிறது. ஆனால் அந்த வீடுகளை அவர்கள் ஏற்கெனவே நன்றாகப் பதிவு செய்து வைத்துவிட்டார்கள். டெல்லியில் வைஸ்ராய் மாளிகையை (இன்றைய ராஷ்டிரபதி பவன்) கட்டிக்கொண்டிருந்த அதே கட்டடக் கலைஞர் லுட்யன்ஸ்தான் இங்கிலாந்து ராணி மேரிக்கு ஒரு பொம்மை வீடு வடிவமைத்தார். 1924-இல் முடிந்தது, பன்னிரண்டில் ஒன்று அளவு. குழாயில் தண்ணீர் வரும், லிஃப்ட் ஓடும். வின்சர் கோட்டையில் இன்றும் இருக்கிறது. சிகாகோ கலைக்கூடத்தில் திருமதி தார்ன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1930-களில் ஆள் வைத்துச் செய்வித்த 68 குட்டி அறைகள் இருக்கின்றன. ஐரோப்பிய, அமெரிக்க வீடுகளில் நூற்றாண்டுவாரியாக நாற்காலி எப்படி இருந்தது, திரைச்சீலை எப்படித் தொங்கியது என்பதெல்லாம் அதில் பார்க்கலாம். நம்மிடமும் அந்தக் கைவேலை உண்டு. தஞ்சாவூரில் நெட்டியில் (தண்ணீரில் வளரும் செடியின் வெள்ளைத் தண்டு) பெரிய கோயிலையே செதுக்கிவிடுகிறார்கள். கோயில் செய்ய ஆள் இருக்கிறது. தண்டையார்பேட்டை வரிசை வீட்டைச் செய்யத்தான் ஆள் இல்லை. 1970-இல் குடிசை மாற்று வாரியம் வந்தபின் வடசென்னையில் எழுந்த அடுக்கு வீடுகளையே இப்போது பல இடங்களில் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். அவற்றில் ஒரு வீட்டின் உள்ளே பரண் எங்கே, தண்ணீர்க் குடங்கள் எங்கே, சாமி படம் எங்கே இருந்தது என்று நாளைக்கு யாராவது கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. உங்களால் காட்ட முடியும்.

அதனால் டிரம், ஈபி பெட்டி, அடிபம்பு எல்லாம் இருக்கட்டும். அவற்றை எடுத்துவிட்டால் அது எந்த ஊர் வீடு என்றே தெரியாது. உங்கள் கணவர் சொல்வதில் ஒரு நியாயம் உண்டு: அளவு தவறினால் இவைதான் முதலில் அசிங்கமாகத் தெரியும். டிரம்மை வீட்டுக் கதவு உயரத்துக்குச் செய்துவிட்டால் மொத்த வீடும் பொம்மையாகிவிடும். 200 லிட்டர் டிரம் மூன்றடி உயரம்தான், உங்கள் கணக்கில் ஒன்றரை அங்குலம்.

மாடி அறையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கடை ஏற வேண்டாம். நிஜ ஷீட்டில் அலைக்கு அலை இடைவெளி 146 மில்லிமீட்டர். இருபத்து நாலில் ஒன்றாக்கினால் 6 மில்லிமீட்டர். பார்சல் அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத் தாளை ஈரத்துணியால் நனைத்து உரித்தால் உள்ளே இருக்கும் வளைவு கிட்டத்தட்ட அதே இடைவெளிதான். பெட்டிக்குப் பெட்டி கொஞ்சம் மாறும், ஸ்கேல் வைத்துப் பார்த்து எடுங்கள். நன்றாகக் காயவிட்டு, சாம்பல் நிறம் அடித்து, ஓரங்களில் மட்டும் கறுப்பை நீர்க்கக் கரைத்துத் தடவினால் பாசி பிடித்த ஷீட். சுவருக்கு நல்ல கெட்டி அட்டை வேண்டுமென்றால் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் கிடைக்கும். ஜன்னல் கிரில்லுக்குக் கட்டுக்கம்பி சரியாக வராது, நிஜத்துக்கு ரொம்பத் தடியாகத் தெரியும். பழைய ஒயரை உரித்தால் வரும் செம்பு இழையை எடுத்து, உங்கள் ஜன்னலில் என்ன டிசைனோ அதை ஒரு தாளில் வரைந்து, அதன்மேல் வைத்தே வளையுங்கள்.

அடிபம்புக்கு ரீஃபில் குழாய் ஒரு துண்டு போதும், உடம்பு ஆயிற்று. கைப்பிடி மட்டும் தனியாக, மேலும் கீழும் போகிற மாதிரி ஒரு குண்டூசியில் கோத்து மாட்டுங்கள். உங்கள் மகள் முதலில் அதைத்தான் அடித்துப் பார்ப்பாள்.