ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் ஒலிக்கவில்லை: பழுது ஸ்பீக்கரிலா, ஆம்ப்ளிஃபயரிலா?

ஸ்டீரியோவில் இடப்பக்க ஸ்பீக்கர் திடீரென்று ஊமையாகிவிட்டது, கடைக்கு எதைத் தூக்கிக்கொண்டு போவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பேலன்ஸ் குமிழைப் பாருங்கள்; ஒலியை இடப்பக்கமோ வலப்பக்கமோ சாய்ப்பது அதுதான். வீட்டில் குழந்தை இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

அது சரியாக இருந்தால், ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, அதன் பின்புறத்தில் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றிப் பொருத்துங்கள். இப்போது வலப்பக்க ஸ்பீக்கர் மௌனமானால் பழுது ஆம்ப்ளிஃபயரிலோ, அதற்குப் பாட்டை அனுப்பும் கருவியிலோ கேபிளிலோ இருக்கிறது. இடப்பக்கமே மௌனமாக நீடித்தால் வயரோ ஸ்பீக்கரோதான். அந்த ஸ்பீக்கரிலிருந்து வயரை முழுவதும் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரின் முனைகளில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டு எடுங்கள். ‘டப்’ என்று ஒலித்தால் வூஃபருக்கு, அதாவது கனத்த ஒலி தரும் பெரிய கூம்புக்கு, உயிர் இருக்கிறது. வேறு வயரைப் போட்டுப் பாருங்கள்.

திரும்ப இணைக்கும்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இது மாறிப்போனால் எதுவும் எரியாது. ஆனால் இரண்டு கூம்புகளும் எதிரெதிராக அசைந்து பேஸ் எனும் கனத்த ஒலியைத் தின்றுவிடும். பலர் இதைத்தான் ‘மட்டமான ஸ்பீக்கர்’ என்று திட்டுகிறார்கள். உண்மையில் ஆபத்தானது, பிரிந்து நிற்கும் ஒரு செம்பு இழை பக்கத்து முனையைத் தொடுவதுதான். ஆம்ப்ளிஃபயரின் டிரான்சிஸ்டர்களே போய்விடலாம். இழைகளை இறுக முறுக்கிச் செருகுங்கள்.

இன்னொன்று: ஒலி கரகரத்தால் உடனே குறையுங்கள். சிறிய ஆம்ப்ளிஃபயரை எல்லை மீறி முடுக்கினாலும், கீச்சொலி தரும் சிறிய ஸ்பீக்கரான ட்வீட்டர் எரியும்.