முதல் முறையாக வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தப் போகிறவருக்கு

"இந்தக் கோடை விடுமுறையில் எங்கள் சபையில் வி.பி.எஸ். நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அறுபது பிள்ளைகள் வரலாம். எதிலிருந்து ஆரம்பிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆசிரியர்களிலிருந்து ஆரம்பியுங்கள். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமச் சபையில் 11 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். பேனர், தொப்பி, பரிசுப் பொருள் எல்லாம் கடைசி வாரத்தில்கூட வாங்கிவிடலாம். நல்ல ஆசிரியர் அப்படிக் கிடைக்க மாட்டார். அறுபது பிள்ளைகளுக்கு எட்டுப் பேராவது வேண்டும். கல்லூரி படிக்கிறவர்கள் ஆர்வமாக வருவார்கள், ஆனால் செமஸ்டர் தேர்வு குறுக்கே வரும். மார்ச்சிலேயே கேட்டுவிடுங்கள்.

ஆசிரியர் கையேட்டைக் கொடுத்ததோடு விடாதீர்கள். நாங்கள் இரண்டு சாயங்காலம் கூடி உட்காருவோம். ஒவ்வொருவரும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அவரவர் கதையை எங்களுக்கே சொல்ல வேண்டும். யாருக்குக் கதை மனதில் இறங்கவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

தேதி: பள்ளித் தேர்வு முடிந்த பிறகு, மே 4 வாக்கில் அக்கினி நட்சத்திரம் தொடங்குவதற்கு முன் முடிப்பது நல்லது. காலை எட்டரைக்கு ஆரம்பித்துப் பன்னிரண்டுக்குள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அசனப் பண்டிகை (சபையார் கூடிச் சாப்பிடும் விருந்து), ஊர்க் கொடைத் திருவிழா நாட்களோடு மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சபைக் கோயிலில் இடம் போதாதே என்று தயங்க வேண்டாம். 1898இல் நியூயார்க்கில் எலிசா ஹாஸ் என்ற அம்மையார், கோடையில் தெருவில் திரிந்த பிள்ளைகளுக்காக ஒரு மதுக்கூடத்தை வாடகைக்கு எடுத்துத்தான் இப்படி ஒரு பள்ளியை நடத்தினார். எங்கள் சிறுவர் வகுப்பு இன்றும் வேப்பமரத்தடியில்தான்.

மனப்பாட வசனத்தில் கவனம் வேண்டும். ஒருமுறை வேதாகமத்தில் 23ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தைக் கொடுத்தோம்: "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்; நான் தாழ்ச்சியடையேன்." இரண்டாம் நாளே எல்லாரும் கடகடவென்று ஒப்பித்தார்கள், எனக்கும் சந்தோஷம். அப்போது நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் சேலையைப் பிடித்து இழுத்து, "அக்கா, தாழ்ச்சின்னா என்ன?" என்று கேட்டாள். அதைச் சொல்லிக்கொடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. "நம்ம வீட்டு ஆட்டுக்குட்டிக்குக் குழையும் தண்ணியும் குறையாம நீ பாத்துக்கிறேல்ல, அதுமாதிரி ஆண்டவர் நம்மளைப் பாத்துக்கிடுவார்" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. அதிலிருந்து பத்து வசனத்தை ஐந்தாகக் குறைத்துவிட்டோம். சொல்லுக்குச் சொல் பொருள் சொன்ன பிறகுதான் ஒப்பிக்கச் சொல்கிறோம்.

அப்புறம் நிறைவு நாள் நிகழ்ச்சி. ஒரு வருடம் கடைசி மூன்று நாளும் ஒத்திகையிலேயே போய்விட்டது. அபிநயம் நன்றாக வருகிற பத்துப் பேர் முன்னால் நின்றார்கள், மற்றவர்கள் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மறுநாள் வரவில்லை. வீட்டுக்குப் போய் விசாரித்தால் அவன் அம்மா, "அங்க எனக்கு ஒரு சோலியும் இல்லங்கான் டீச்சர்" என்றார். இன்றும் நினைத்தால் வலிக்கிறது. இப்போது ஒத்திகை தினமும் அரை மணி நேரம்தான். வகுப்பு வகுப்பாக எல்லாரும் நின்று, படித்த பாட்டையே பாடுகிறார்கள்.

பிற சமயத்துப் பிள்ளைகளும் வருவார்கள். அவர்கள் வீட்டுக்கு முதலிலேயே போய், என்ன சொல்லிக்கொடுப்போம் என்று மறைக்காமல் சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். பெயர்ப் பதிவில் பெற்றோர் கைப்பேசி எண்ணும், யார் வந்து அழைத்துப் போவார்கள் என்பதும் இருக்கட்டும். சின்னப் பிள்ளைகளைத் தனியாக அனுப்பவே கூடாது.

செலவுக்குப் பயப்படாதீர்கள். ஒரு நாள் சுண்டல், ஒரு நாள் தர்பூசணி என்று ஆளுக்கொரு குடும்பம் ஏற்றுக்கொள்வார்கள், கேட்டால் போதும். எங்கள் ஊரில் பனையேறும் தாத்தா ஒருவர் வருடா வருடம் ஒரு நாளைக்கு நுங்கு வெட்டிக் கொண்டுவந்து தருகிறார். அன்றைக்கு ஒரு பிள்ளையும் லீவு போடாது.