பத்தொன்பது வயதில் கைக்கு வந்த கோல்

கேள்வி: இத்தாலிய இசை நடத்துநர் (கோலசைத்து இசைக்குழுவை வழிநடத்துபவர்) டோஸ்கனினி, நடத்துநராவதற்கென்று பயிற்சி எதுவும் பெறாமலேயே 19 வயதில் ஒரே இரவில் புகழின் உச்சிக்குப் போனார். அப்படியானால், இத்துறையில் ஆண்டுக்கணக்கான படிப்பைவிட அதிர்ஷ்டமே முக்கியம் என்று சொல்லலாமா?

பதில்: சொல்லக் கூடாது. நீங்கள் குறிப்பிடும் இரவு 1886 ஜூன் 30. ரியோ டி ஜெனிரோவுக்குச் சுற்றுப்பயணம் வந்திருந்த இத்தாலிய ஓபரா (இசை நாடக) குழு ஒன்று இசையமைப்பாளர் வெர்டியின் ‘ஐடா’வை நடத்த வேண்டிய நேரத்தில், அதன் நடத்துநர் குழுவோடு பிணங்கி விலகியிருந்தார், அவருக்குப் பதிலாக வந்தவரை ரசிகர்கள் கூச்சலிட்டு இறக்கிவிட்டார்கள். வேறு வழியில்லாமல், செலோ என்ற பெரிய நரம்பு வாத்தியத்தை வாசித்துக்கொண்டிருந்த அர்த்துரோ டோஸ்கனினியை அந்த இடத்தில் நிறுத்தினார்கள். அவர் இசை ஏட்டை மூடி வைத்துவிட்டு, முழு ஓபராவையும் நினைவிலிருந்தே நடத்தி முடித்தார்.

இதில் அதிர்ஷ்டம் என்று சொல்லத்தக்கது, இடம் காலியானது ஒன்றுதான். நான்கு அங்கங்கள் கொண்ட ஓர் ஓபராவில் பாடகர்கள், சேர்ந்திசைக் குழு, ஒவ்வொரு வாத்தியம் என எல்லாருடைய பகுதியும் ஒரு செலோ கலைஞரின் மனத்தில் பதிந்திருந்தது என்றால், அதன் பின்னால் பார்மா இசைக்கல்லூரியில் 9 வயதிலிருந்து செய்த உழைப்பு இருக்கிறது. பயிற்சி இல்லாதவர் என்று அவரைச் சொல்வது அந்த உழைப்புக்குச் செய்யும் அநீதி.

‘ஒரே இரவில் உச்சி’ என்பதும் சரியல்ல. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் வெர்டியின் ‘ஒதெல்லோ’ முதன்முதலாக அரங்கேறியபோது, டோஸ்கனினி செலோ வரிசையில் உட்கார்ந்து வாசித்தார். அதற்குள் டூரின் நகரில் ஓர் ஓபராவை நடத்திப் பாராட்டும் பெற்றிருந்தவர் அவர். இருந்தும், வெர்டி தம் படைப்பை எப்படி உருவாக்குகிறார் என்பதை அருகிலிருந்து அறிய, மீண்டும் வாத்தியக்காரராகவே அமர்ந்தார். ரியோவில் கிடைத்த கைதட்டலைவிட இந்த நாற்காலியையே நான் பெரிதாக மதிக்கிறேன். பாடகரின் மூச்சு எங்கே முடியும், திரைக்குப் பின்னால் நிற்கும் குழு எத்தனை கணம் முந்தித் தொடங்கினால் அரங்கில் சரியாகக் கேட்கும் என்பவற்றை ஏட்டிலிருந்து மட்டும் கற்க முடியாது; ஓபரா அரங்கில் ஆண்டுக்கணக்கில் இருந்தால்தான் தெரியும். பிறகு இத்தாலிய நகரங்களின் அரங்குகளில் உழைத்து, 1895-இல் டூரின் அரங்கின் பொறுப்பை ஏற்று, மறு ஆண்டு இசையமைப்பாளர் புச்சீனியின் ‘லா போஹேம்’ ஓபராவின் முதல் அரங்கேற்றத்தை நடத்தி, 1898-இல் தான் லா ஸ்காலாவின் தலைமைக்கு வந்தார். ரியோவுக்கும் அதற்கும் இடையே 12 ஆண்டுகள்.

மும்பையில் பிறந்த இசை நடத்துநர் சுபின் மேத்தாவின் கதையும் இதுதான். 1954-இல் இசை படிக்க வியன்னாவுக்குப் போன அவர், பெரிய நடத்துநர்களின் ஒத்திகைகளைப் பார்ப்பதற்காகவே, சக மாணவர் கிளாடியோ அப்பாதோவுடன் அங்குள்ள சேர்ந்திசைக் குழுவில் பாடகராகச் சேர்ந்தார். 1960-இல் வர இயலாத மூத்த நடத்துநர் ஒருவருக்குப் பதிலாக மான்ட்ரியாலில் நடத்தும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தபோது, அந்த இசைக்குழு அவரையே தன் இசை இயக்குநராக அமர்த்திக்கொண்டது.