பத்து நிமிடத்தில் பிஜிஎம்ஐ திணறுகிறதா? போனா, நெட்டா?

பாளையங்கோட்டையில் 4 ஜிபி ரேம் போனில் பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற சுடும் கேம்) ஆடுகிறீர்கள், முதல் மேட்ச் சரியாகப் போய் அடுத்ததில் திணறுகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் அது சூடு.

திரையில் தெரியும் பிங் எண்ணைப் பாருங்கள்; கேம் சர்வருக்குத் தகவல் போய்வர ஆகும் நேரம் அது. எண் ஏறாமல் படம் மட்டும் வெட்டி வெட்டி ஓடினால் போன்தான் காரணம். படம் சீராக ஓடி, எதிராளி மட்டும் இங்கே நின்று அங்கே குதித்தால் நெட்.

சூடு கூடியதும் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மே மாத மதியத்தில், மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் இது சீக்கிரமே நடக்கும். சார்ஜ் போட்டபடி ஆடவே ஆடாதீர்கள், பேட்டரியும் சேர்ந்து கொதிக்கும். கவரைக் கழற்றுங்கள். கேம் செட்டிங்ஸில் கிராபிக்ஸ் 'ஸ்மூத்', பிரேம் ரேட் 'அல்ட்ரா' (நொடிக்கு 40 படம்) போதும். 60க்கு ஆசைப்பட்டு நடுவில் 25க்கு விழுவதைவிட நிலையான 40 எவ்வளவோ மேல். நிழலை அணைத்துவிடுங்கள். 8x8 கிலோமீட்டர் எராங்கல் மேப்பை விட்டு 2x2 லிவிக் மேப்பில் ஆடினால் மேட்ச் சீக்கிரம் முடியும், போனும் ஆறும்.

நெட்தான் கோளாறு என்றால் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றி, ரூட்டர் இருக்கும் அறையிலேயே ஆடுங்கள். கனத்த பழைய சுவரை அந்த அலை எளிதில் தாண்டாது.

வேறு கேம் வேண்டுமென்றால் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் இந்த போனுக்குப் பொருத்தம்: 50 பேர், சுமார் பத்து நிமிட மேட்ச். கூட்டாளிகள் பக்கத்திலேயே இருந்தால் மினி மிலிஷியா. ஒருவர் ஹாட்ஸ்பாட் போட்டாலே போதும், டேட்டா தேவையில்லை.